தலையெழுத்து போய் ஜீனெழுத்து வந்தது

சித்திக்கு ஒறக்கம் போய் ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருசம் உப்பு வாரியவள். மூத்த மகனை ஒரு திருட்டு வழக்கில் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. திருடியவன் வேறொருவன் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். தெரிவதற்குப் பதினோரு நாள் ஆயிற்று. திரும்பி வந்த பையனால் கையைத் தூக்கிச் சோறு தின்ன முடியவில்லை, சித்திதான் ஊட்டினாள். பையன் தேறிவிட்டான். சித்தி தேறவில்லை. ராத்திரி ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வட்டிலில் சோறு வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் காலனியில் ஒரு மனநல முகாம் போட்டார்கள். நான்தான் சித்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நல்ல மனுசன். அதட்டவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சாம்மா?"

"எங்க ஆத்தாவுக்கும் கடேசி காலத்துல இப்படித்தான் சார். பேச மாட்டா. வெறிச்சுப் பாத்துக்கிட்டே கெடப்பா."

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். சுவரில் தொங்கிய மூளைப் படத்தைக் காட்டினார். மூளையில் செரட்டோனின் என்று ஒன்று உண்டு, அது குறைந்தால் மனசு சோர்ந்துபோகும், அதைக் குறைக்கிற ஜீன் சில குடும்பங்களில் ரத்தத்தோடு வரும் என்றார். "பரம்பரைம்மா இது. கவலைப்படாதீங்க, மாத்திரை இருக்கு." பத்து நிமிசத்தில் முடிந்தது. அந்தப் பதினோரு நாளைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. சித்தியும் சொல்லவில்லை. போலீஸ் சமாச்சாரத்தை டாக்டரிடம் சொல்லலாம் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

வீட்டுக்கு வந்ததும் சித்தி கேட்டாள்: "எய்யா, அப்ப எம் மவளுக்கும் வருமா? நம்ம ரத்தமே இப்படித்தான் போலுக்கு."

தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. 'நம்ம ரத்தமே இப்படித்தான்' என்பதைப் பார்ப்பனியம் நம் வாயால் சொல்ல வைக்க ரெண்டாயிரம் வருசம் பாடுபட்டது. சாஸ்திரம் எழுதியது, கோயில் கட்டியது, கொலை செய்தது. இன்றைக்கு ஒரு படமும் பத்து நிமிசமும் போதுமானதாக இருக்கிறது. நேற்று கர்மம், இன்று ஜீன். நேற்று பிரம்மன் தலையில் எழுதினான். இன்று அது உயிரணுவுக்குள் எழுதியிருக்கிறதாம். எழுத்து மாறியிருக்கிறது, படிக்கச் சொல்லும் பாடம் மாறவில்லை: உன் துன்பத்துக்குக் காரணம் உன் பிறப்பு.

ஆனால் அறிவியல் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிவியல் என்னதான் சொன்னது என்று பார்த்துவிடுவோம். பயந்து ஒதுங்க வேண்டிய சங்கதி அல்ல இது.

ஒரு ஜீனின் கதை

செரட்டோனின் நரம்பணுக்களுக்கிடையே சேதி கொண்டு போகும் ஒரு வேதிப்பொருள். 1948இல் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். உடம்பில் உள்ள செரட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. மூளையில் இருப்பது சொற்பம். சேதி சொல்லி முடித்த செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்யும் ஜீன் 17ஆவது குரோமோசோமில் உள்ளது. அந்த ஜீனுக்கு முன்னால், அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதியில், சிலருக்கு நாற்பத்துச் சொச்சம் எழுத்துகள் கூடுதல், சிலருக்குக் குறைவு. நீளமானது ஒரு வடிவம், குட்டையானது ஒரு வடிவம். தகப்பன் வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என்று ஆளுக்கு இரண்டு. அவ்வளவுதான் விசயம்.

1987 கடைசியில் அமெரிக்கா புரோசாக் மாத்திரையை அனுமதித்தது. செரட்டோனினை உள்ளிழுக்கும் அதே புரதத்தைத்தான் அந்த மாத்திரை அடைக்கிறது. மாத்திரை சிலருக்குக் கேட்டது. உடனே ஒரு தர்க்கம் பிறந்தது: செரட்டோனினைக் கூட்டினால் சோர்வு குறைகிறது என்றால் செரட்டோனின் குறைவுதான் சோர்வுக்குக் காரணம். தலைவலி மாத்திரை போட்டால் தலைவலி போகிறது, அதனால் உடம்பில் தலைவலி மாத்திரை குறைந்ததுதான் தலைவலிக்குக் காரணம் என்பது போன்ற தர்க்கம். இந்தத் தர்க்கத்தின் மேல் ஒரு சந்தை எழும்பியது.

1996இல் லெஷ் என்பவரும் சகாக்களும் 505 பேரைச் சோதித்தார்கள். குட்டை வடிவம் உள்ளவர்களுக்குப் பதற்றக் குணம் கொஞ்சம் அதிகம் என்றார்கள். எவ்வளவு அதிகம்? ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 3 முதல் 4 சதவீதம் வரைதான் இந்த ஜீனால் என்று அவர்களே எழுதினார்கள். மிச்சம் 96 சதவீதத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் தலைப்புப் போடவில்லை.

2003இல் அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மாஃபிட் குழுவினரின் ஆய்வு வந்தது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தவர்கள் இவர்கள். அவர்களில் வெள்ளையர் 847 பேரை எடுத்துக்கொண்டு, 21 வயதிலிருந்து 26 வயதுக்குள் வேலை போனது, வீடு போனது, கடன், நோய், காதல் முறிவு எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். அடி மேல் அடி வாங்கியவர்களில், குட்டை வடிவம் உள்ளவர்கள் அதிகம் உடைந்துபோனார்கள் என்றார்கள். உலகமே கொண்டாடியது. ஜீன் துப்பாக்கியில் குண்டைப் போடுகிறது, வாழ்க்கை விசையை இழுக்கிறது என்று பாடமாகவே ஆகிப்போனது. அடுத்து நூற்றுக்கணக்கான ஆய்வுகள் கிளம்பின.

பிறகு நடந்ததைத்தான் முகாம்களில் சொல்வதில்லை. 2009இல் நீல் ரிஷ் முதலானோர் அதுவரை வந்த 14 ஆய்வுகளை, மொத்தம் 14,250 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். குட்டையோ நீளமோ, அந்த ஜீனுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இல்லை. அடி விழுந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் இல்லை. ஆனால் வாழ்க்கையில் விழுந்த அடிக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருந்தது. அது அசையாமல் நின்றது. 2019இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் பார்டர் குழுவினர் இதைவிடப் பெரிய சல்லடையில் சலித்தார்கள். மனச்சோர்வின் ஜீன்கள் என்று கால் நூற்றாண்டாகப் பேர் வாங்கிய 18 ஜீன்களை, அதிகபட்சம் 4,43,264 பேர் வரை உள்ள தகவல் தொகுப்புகளில் வைத்துப் பார்த்தார்கள். செரட்டோனின் ஜீனும் அதில் ஒன்று. தற்செயலாக எந்த ஜீனையாவது பொறுக்கிக்கொண்டால் என்ன கிடைக்குமோ, அதற்கு மேல் இந்த 18இலும் எதுவும் கிடைக்கவில்லை.

எப்படி இத்தனை வருசம் தப்பு நடந்தது? சின்னச் சின்னக் கூட்டங்களை வைத்துச் சோதித்தார்கள். நூறு பேர் நாணயம் சுண்டினால் யாராவது ஒருவனுக்கு வரிசையாக ஆறு தலை விழும். அவனை மட்டும் பேட்டி எடுத்துப் போட்டால் அவன் மந்திரவாதி. விழாதவர்களின் கதையை எந்தச் சஞ்சிகை அச்சடிக்கும்?

இன்னொரு கூத்தும் உண்டு. கிழக்காசிய மக்களிடம் குட்டை வடிவம் ஐரோப்பியரைவிட ரொம்ப அதிகம்; 70 முதல் 80 சதவீதம் என்று கணக்கு. கோட்பாட்டின்படி அங்கே மனச்சோர்வு குவிந்து கிடக்க வேண்டும். கணக்கோ குறைவு என்றது. உடனே 2010இல் ஒரு விளக்கம் வந்தது: அவர்களின் கூட்டு வாழ்க்கைப் பண்பாடு அவர்களைக் காப்பாற்றுகிறதாம். சரி, பண்பாடு காப்பாற்றும் என்றால் பண்பாடு கொல்லவும் செய்யும் இல்லையா? தீண்டாமையும் ஒரு பண்பாடுதானே? அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

பரம்பரை என்பது எது?

எதிராளி இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லுவார். அதை மறைக்காமல் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். மனநோய் சில குடும்பங்களில் அதிகம் வருவது உண்மை. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகள், மனச்சோர்வில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக மரபுக்குப் பங்கு உண்டு என்கின்றன. மனச்சிதைவு நோயில் அது இன்னும் அதிகம். ஆனால் அந்தப் பங்கு ஒரு ஜீனில் இல்லை, பத்து ஜீனிலும் இல்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் தூசி தூசியாகச் சிதறிக் கிடக்கிறது. அந்தத் தூசி எல்லோரிடமும் இருக்கிறது. அக்கிரகாரத்திலும் இருக்கிறது, சேரியிலும் இருக்கிறது. ஒருத்தியைப் பார்த்து உனக்கு ஜீனில் இருக்கிறது என்று முகாமில் உட்கார்ந்து சொல்லும் சோதனை எதுவும் உலகத்தில் கிடையாது. டாக்டர் சித்தியின் ஜீனைப் பார்க்கவில்லை. அவளுடைய ஆத்தாவைப் பற்றி ஒரு வரி கேட்டார், அவ்வளவுதான்.

இந்தப் பங்குக் கணக்கே ஒரு நாட்டில், ஒரு காலத்தில், ஒரு வகை வாழ்க்கை வாழ்கிறவர்களுக்குள் எடுத்த கணக்கு. எல்லோருக்கும் வீடும் சோறும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற இடத்தில், மிச்சம் தெரியும் வேறுபாடு உடம்பின் வேறுபாடாகத்தான் தெரியும். ஒருவனுக்கு வீடு, ஒருவனுக்கு உப்புப் பாத்தி என்று பிரித்துப் போட்ட ஊருக்கு அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படிப் பொருந்தும்?

சித்திக்கு அவள் ஆத்தாவிடமிருந்து வந்தது என்னென்ன? ஜீன் வந்தது. அதோடு அதே அளம் வந்தது. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயிலில் கூசிக் கூசி மங்கிப்போன கண் வந்தது. உப்புத் தண்ணியில் நின்று வெடித்த பாதம் வந்தது. ஒதுங்க மறைவில்லாத அளத்தில் மூத்திரத்தை அடக்கி அடக்கி வந்த நோய் வந்தது. மழைக்காலம் மூன்று மாசம் வேலை இல்லாத பட்டினி வந்தது. அந்தக் காலத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசாங்கம் தொடங்கியதே 2022இல்தான். ஆத்தா வாங்கிய கடன் வந்தது. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்ற வரைபடம் வந்தது. போலீஸ் ஜீப்பைக் கண்டால் வயிறு கலங்குகிற பழக்கம் வந்தது. இவ்வளவும் தாய்வழிச் சொத்து. இதில் ஒன்றை மட்டும் எடுத்து அதற்குப் 'பரம்பரை' என்று பெயர் வைக்க எந்த அறிவியல் கற்றுக் கொடுத்தது?

முத்துக் குளித்த கடற்கரை இது. 1961ஓடு முத்துச் சிலாபம் நின்றுபோயிற்று. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆழத்துக்குப் போனவனுக்குக் காதுச் சவ்வு கிழியும். ஒருவனுக்குச் சீக்கிரம் கிழியும், ஒருவனுக்குக் கொஞ்சம் தாமதமாகும். காதுக்குக் காது வித்தியாசம் உண்டு, யார் மறுத்தார்கள்? ஆனால் கிழித்தது ஆழத்தின் அழுத்தம். குளியாளின் காதை அளந்து அளந்து புத்தகம் போடுகிறவன், அவனை அந்த ஆழத்துக்கு அனுப்பியது யார், என்ன கூலிக்கு, முத்து யார் கழுத்துக்குப் போயிற்று என்று கேட்காவிட்டால், அவன் காது ஆராய்ச்சி செய்யவில்லை. முதலாளிக்கு சாட்சி சொல்கிறான்.

மூக்கை அளந்தவர்கள்

அளந்து பார்த்து ஆளை முடிவு செய்வது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. 1889இல் தூத்துக்குடி முத்துச் சிலாபத்தைப் பார்க்க வந்தார் ஒரு வெள்ளைக்காரர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர், எட்கர் தர்ஸ்டன். முத்துச் சிப்பியையும் சங்கையும் பற்றி எழுதினார். சிப்பியை முடித்துவிட்டு மனுசனுக்கு வந்தார். கவட்டுக்கோலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகள், குலங்கள் பற்றி 7 தொகுதிகள் வந்தன. ஆளை அடையாளம் காண உடம்பை அளக்கும் வித்தையைச் சென்னை மாகாணப் போலீசுக்குப் பழக்கியவரும் இவரே. இவருடைய காலத்து ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக ஆகச் சாதி தாழ்ந்துகொண்டே போகும் என்று விதியே எழுதி வைத்தார்.

அளவுகோலுக்குப் பின்னாலேயே சட்டம் வந்தது. 1871இல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. கள்ளர், மறவர், குறவர் என்று பட்டியல் போட்டுப் பிறந்த பிள்ளையையே குற்றவாளி என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ரேகை வைத்தவர்களின் வாரிசுகளில் சிலர் இன்று எங்களைப் பார்த்து, 'இவனுக பிறவியே அப்படித்தாம்ல' என்று சொல்லும்போது எங்களுக்குக் கோபத்தைவிட வேதனைதான் வருகிறது. விரலில் மை காய்ந்து எத்தனை தலைமுறை ஆயிற்று?

செரட்டோனின் விசயத்திலும் இதேதான் நடந்தது. செரட்டோனினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அதன் ஜீனில் பழுதுள்ள ஒரு டச்சுக் குடும்பத்து ஆண்கள் முரடர்களாக இருந்தார்கள் என்று 1993இல் ஒரு கட்டுரை வந்தது. மிக அரிதான பழுது அது. 2006இல் நியூசிலாந்து ஆய்வாளர் ஒருவர், அதே ஜீனின் வேறொரு சாதாரண வடிவம் மாவோரி ஆண்களிடம் அதிகம் என்றார். 'போர்வீரன் ஜீன்' என்ற பெயரைப் பத்திரிகைகள் பரப்பின. மாவோரிகள் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள். மக்கள் தொகையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். சிறைக்குள்ளே ஏறத்தாழப் பாதி. நிலம் பறித்த கதையைப் பேச வேண்டிய இடத்தில் ஜீனைப் பேசினார்கள். அந்தச் சாதாரண வடிவம் மற்ற இனங்களிலும் ஏராளமாக இருக்கிறது. வேறு எந்த இனத்துக்கும் அந்தப் பட்டப்பெயர் ஒட்டவில்லை. ஒட்டுகிற இடம் எது என்பதைச் சோதனைக்கூடம் தீர்மானிப்பதில்லை. ஊர் தீர்மானிக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இந்த வலையை அன்றைக்கே அறுத்துப் போட்டார். 1936இன் 'சாதி ஒழிப்பு' நூலில், பஞ்சாப் பார்ப்பனரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனமூலம், சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனமூலம் என்று வாதிட்டார். சாதி நல்ல வித்தைக் காப்பாற்றுகிறது என்ற பேச்சைக் கிண்டல் செய்தார். 1948இல் தீண்டப்படாதவர்கள் யார் என்ற நூலில், அவர்கள் எடுத்த மூக்கு அளவுகளையே எடுத்து வைத்து, பார்ப்பனருக்கும் தீண்டப்படாதவருக்கும் இன வேறுபாடு இல்லை என்று காட்டினார். அளவுகோலைக் கண்டு ஓடவில்லை. பிடுங்கித் திருப்பி வைத்தார். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். இந்தியச் சாதிகளுக்குள் ஜீன் வேறுபாட்டுத் தடம் இருக்கிறதே என்பவர்களுக்கு 2013இல் வந்த மரபணு ஆய்வே பதில் சொல்லிவிட்டது: எல்லோரும் கலந்து வாழ்ந்த மக்கள்தான், சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கலப்பு அடைக்கப்பட்டது. ஜீனால் சாதி வரவில்லை. சாதி போட்ட வேலியின் தழும்புதான் ஜீனில் இருக்கிறது.

சாவுக்குக் காரணம் எழுதுகிறவர்கள்

இதெல்லாம் வெறும் கருத்துச் சண்டை என்று நினைக்க வேண்டாம். 2016 ஜனவரி 17இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்தார். விசாரித்த ரூபன்வால் கமிஷன், பல்கலைக்கழகத்தின் நடவடிக்கை காரணமில்லை, அவருடைய சொந்த மனக்குறையே காரணம் என்றது. 2023 பிப்ரவரியில் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தர்ஷன் சோலங்கி இறந்தார். நிறுவனம் போட்ட குழு, சாதிப் பாகுபாட்டுக்கு நேரடிச் சான்று இல்லை என்றது, படிப்பில் பின்தங்கியதைச் சொன்னது. நம் பிள்ளை செத்தால் காரணம் எப்போதும் பிள்ளைக்குள்ளேயே இருக்கிறது. நிறுவனத்துக்குள் தேடுவதே இல்லை. நாளைக்கு இந்தக் கமிஷன்களின் கையில் ஒரு ஜீன் சோதனைச் சீட்டைக் கொடுத்துவிட்டால் வேலை இன்னும் சுலபமாகிவிடும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். காரணம் எழுதும் பட்டியலில் குடும்பப் பிரச்சினை உண்டு, நோய் உண்டு, காதல் விவகாரம் உண்டு. சாதி என்று ஒரு கட்டம் இல்லை. இறந்தவர் என்ன சாதி என்ற கணக்கையும் அறிக்கையில் போடுவதில்லை. அரசாங்கம் எண்ணாததை டாக்டர் கேட்பதில்லை. டாக்டர் கேட்காததைச் சித்தி சொல்வதில்லை. ஆனால் ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, சொத்தும் படிப்பும் சமமாக இருக்கிறவர்களை ஒப்பிட்டாலும் ஆதிக்க சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் மனநிலை மோசமாக இருப்பதைக் காட்டியது. காசு வந்தாலும் போகாத துன்பத்துக்குப் பெயர் என்ன? அதைச் சீட்டில் எழுதுங்கள்.

இந்த மாவட்டத்திலேயே பாருங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்தது. பண்டம் பாத்திரம் உடைந்தது. பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் தேடித் தேடி அழித்தார்கள். கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று ஊர் சொன்னது. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இதைப் பார்த்த குழந்தைகள் இன்று பெரியவர்கள். அவர்களில் ஒருவர் ஒறக்கமில்லாமல் டாக்டரிடம் போனால், அவருக்குக் குட்டை வடிவமா நீள வடிவமா என்றா பார்ப்பது?

மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை

நம் பக்கமும் பேச வேண்டும். மனநோயே கிடையாது, எல்லாம் சமுதாயக் கோளாறு, புரட்சி வந்தால் சரியாகிவிடும் என்று பேசும் தோழர்கள் இருக்கிறார்கள். உடைந்துபோன தோழனைப் பார்த்து 'கொள்கை உறுதி பத்தலை' என்று சொன்னவர்களும் நமக்குள் உண்டு. இது அவர்கள் செய்வதைவிடக் கேவலம். மனநோய் உண்மை. அது உடம்பைத்தான் பிடிக்கிறது. செரட்டோனின் குறைவுதான் மனச்சோர்வு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் லண்டன் ஆய்வாளர்கள் தொகுத்துச் சொன்னார்கள். அதற்காக மாத்திரை யாருக்கும் கேட்காது என்று அர்த்தமில்லை. எப்படிக் கேட்கிறது என்ற விளக்கம்தான் தப்பு. சித்தி மாத்திரை சாப்பிடுகிறாள். நாலு மணி நேரம் ஒறங்குகிறாள். அதை நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். யாரும் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வைத்தியம் கிடைக்காமல் செத்தவர்களும் நம் கடற்கரையிலேதான் இருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். அங்கே கட்டிப் போட்டது ஜீன் அல்ல. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாததும், இருந்ததற்குப் போகக் காசு இல்லாததும்தான். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், மனநோய் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள். அதனால் நாம் கேட்பது குறைந்த வைத்தியம் அல்ல. கூடுதல் வைத்தியம், கூடவே உண்மை.

என்ன கேட்கிறோம்? தாலுகா ஆஸ்பத்திரிதோறும் மனநல டாக்டரும் தடையில்லாமல் மாத்திரையும் வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்கும் சீட்டிலேயே, உனக்கு என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்ற கேள்வியும் இருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நிவாரணத்தில் மனக் காயத்துக்கும் தொடர்ந்த சிகிச்சை சேர வேண்டும். தற்கொலைக் கணக்கில் சாதியை எண்ண வேண்டும். மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள், ஜீன் பாடத்தோடு அந்தப் பாடம் எங்கே தோற்றது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரவில் தாங்க முடியாதவர்கள் 14416க்குப் போன் போடலாம், காசில்லை. இந்த எண்ணைக் காலனிச் சுவரில் எழுதி வைப்போம்.

கடைசியாகச் சித்திக்கு. நான் இவ்வளவையும் அவளிடம் சொல்லவில்லை. "சித்தி, ஒங்க ஆத்தாவுக்கு என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். ஆத்தாவின் அண்ணனையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார்களாம். அவர் திரும்பி வரவே இல்லையாம். சொல்லி முடித்துவிட்டு முதல் தடவையாக அந்தப் பதினோரு நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். விடிய விடியப் பேசினாள்.

"மவளுக்கு வராது சித்தி" என்றேன். "ரத்தத்துல வர்றதில்ல இது. வர்ற வழி வேற. அந்த வழியத்தான் அடைக்கணும்."